பழுது எது, குறை எது: பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் புதுப்பிப்பது பற்றி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரியும் ஜாகுவார் ஈ-டைப்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் வீட்டு ஷெட்டில் சனி ஞாயிறுகளில் தானே பிரித்துப் பூட்டுகிற வண்டி அவையல்ல. இங்கிலாந்தில் அந்த இடம் நெடுங்காலமாக எம்ஜிபிக்கு உரியது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிறுநகரில் 1962 முதல் 1980 வரை இந்த வண்டி தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 1798 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின், சுமார் 95 குதிரைத்திறன், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் பட்டை ஸ்பிரிங். அந்தக் காலத்துக்கே இதில் பெரிய புதுமை ஒன்றும் கிடையாது. இன்ஜினும் ஆக்ஸிலும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் குடும்பக் கார்களிலிருந்து வந்தவை. சாதாரண ஸ்பேனர் செட்டோடு இறங்குகிறவருக்கு இன்று அதுதான் பெரிய வசதி.

இன்னொரு வசதியும் உண்டு. உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகள் கழித்து, 1988இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து எம்ஜிபிக்குப் புதிய பாடியையே அடித்து விற்கத் தொடங்கியது. கதவு, மட்கார்டு, தரைத்தகடு என எதுவும் தனித்தனியாகக் கிடைக்கும். பாகம் கிடைக்காமல் நின்றுபோன எம்ஜிபி என்று ஒன்று அநேகமாக இல்லை. நின்றுபோனவை எல்லாம் ஆள் களைத்தோ பணம் தீர்ந்தோ நின்றவை.

பணக் கணக்கு விசித்திரமானது. ஐந்து லட்சம் வண்டி செய்ததால் விலை ஒருநாளும் வானத்துக்கு ஏறவில்லை. ஆனால் துருப்பிடித்த எம்ஜிபிக்கு டிங்கரிங் வேலைக்கும் பெயிண்டுக்கும் ஆகும் கூலி மற்ற வண்டிகளுக்கு ஆவதைவிடக் குறைவல்ல. பட்டறையில் விட்டு முழுதாகப் புதுப்பித்தால் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். உடையவர் தன் உழைப்பைக் கணக்கில் எழுதாதவரைக்கும்தான் இந்தக் காரியம் கட்டுப்படியாகிறது. வீட்டில் செய்வது ஆசையால் மட்டும் நடப்பதில்லை. இந்த ரக வண்டிக்கு அதுவே கட்டாயம்.

செய்கிறவர்கள் இரண்டு கட்சி. தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்க வேண்டும், ஒரு கிளிப் கூட மாறக்கூடாது என்பது ஒரு கட்சி. ஓட்டத்தானே வண்டி, இன்றைய சாலைக்கு ஏற்றபடி இன்ஜினையும் கியரையும் பிரேக்கையும் மாற்றுவதில் என்ன தவறு என்பது மற்றது. இரண்டு தரப்பு நியாயங்களையும் எடைபோட்டுப் பார்த்தால், சண்டையில் பாதி தேவையற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது வயது வண்டியைக் குறைசொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த வண்டி புதிதாக இருந்தபோது எப்படி ஓடியது என்று அறிந்தவர்களல்லர். தேய்ந்ததன் குணத்தை வடிவமைப்பின் குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தேய்மானத்தால் வந்தது பழுது. பிறக்கும்போதே இருந்தது குறை. பழுதைச் சீர்செய்தாலே போதும். குறைக்குத்தான் மாற்றம் வேண்டும். வீட்டுப் பட்டறைகளில் இந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது.

முதலில் வரவேண்டியது துரு. எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏவில் தனி சேஸி இருந்தது. பாடி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எம்ஜிபியில் பாடியே சேஸி. திறந்த வண்டியில் மேலே கூரையும் இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வேலையில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பெட்டிப் பாகத்தின் மீது விழுகிறது. அது ஒற்றைத் தகடு அல்ல: வெளித்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அடியில் ‘காசில் செக்‌ஷன்’ என்ற தகடு. ஈரம் உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே எதுவும் மிஞ்சியிருக்காது. அரித்த சில்லின் மேலேயே புதுத்தகடு ஒன்றைப் போர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்ற வண்டிகள் எத்தனையோ. பார்க்கத் தெரிந்தவர் ஜாக்கி வைத்துத் தூக்கியபடி கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். கதவு சிக்கினாலோ இடைவெளி மாறினாலோ முதுகெலும்பு போய்விட்டது என்று அர்த்தம்.

சில்லை வெட்டும் முன் கதவுச் சட்டத்தின் முன்தூணையும் பின்தூணையும் இரும்புக் குழாயால் இணைத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். புதுத்தகட்டைக் கவ்வியில் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, கழற்றி, திருத்தி, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டியவரின் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வோடு வெல்டு வைத்துவிட்டால் பிறகு எந்தக் கதவும் எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. பாடித்தகடு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் கொண்ட சிறிய மிக் வெல்டிங் இயந்திரம் போதும். ஆனால் ஒரே ஓட்டமாக வெல்டு இழுத்தால் தகடு நெளிந்துவிடும். இங்கொரு பொட்டு, அரை அடி தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு அடுத்தது என்று விட்டுவிட்டு வைப்பதே முறை. முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டவர் சில வருடங்களில் திரும்பவும் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டில் செய்யலாம் என்கிறவர்கள் ஆபத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். காலி பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி என்பதால். வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழற்றி அறைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை வைப்பது எந்த நாட்டிலும் மடத்தனமே; ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போகலாம். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். பிரிட்டன் அதை முழுதாகத் தடைசெய்ததே 1999இல்தான். ஆகவே டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசு தட்டக் கூடாது. பெயிண்டில் மட்டும் பட்டறைக்காரரிடம் போவதே நல்லது. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் நவீன பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. வெளிக்காற்றைக் குழாய்வழி தரும் முகமூடி இல்லாமல் அதை அடிப்பது நுரையீரலோடு விளையாடுவதாகும்.

இன்னொரு அபாயம் உடலுக்கல்ல, வேலைக்கு. முதல் மாத உற்சாகத்தில் வண்டியைக் கடைசி ஸ்குரூ வரை பிரித்துப்போடுவதே பெரும்பாலான முயற்சிகளின் சாவு. பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வரும் ‘தொண்ணூறு சதவீதம் முடிந்த’ வண்டிகள் எல்லாம் அப்படி வந்தவையே. ஓடுகிற வண்டியை ஓடவிட்டபடியே ஒரு பகுதியை எடுத்து முடித்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது மெதுவான வழி. ஆனால் முடிகிற வழி. பிரிக்கும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பெயர் எழுதாதவர் பூட்டும்போது அழுவார். இந்த விஷயத்தில் எம்ஜிபிக்காரர் பாக்கியவான், பெரும்பாலான போல்ட்டுகள் ஒரே அளவுமுறை. அவருடைய அப்பா காலத்து எம்ஜி டிசி இன்ஜினில் மரை பிரெஞ்சு மெட்ரிக், தலை விட்வொர்த். அந்த இன்ஜினைத் தயாரித்த மோரிஸ் நிறுவனம் கோவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை வாங்கியபோது பழைய இயந்திரங்களை மாற்றாமல் விட்டதன் விளைவு அது.

பாடி நின்றபிறகு இயங்கும் பாகங்கள். ‘மேம்பாடு’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பழுதுக்குப் பூசும் மருந்து என்று நான் சொல்வது இங்கேதான். பாயிண்ட் இக்னிஷன் நம்பத்தகாதது, எலெக்ட்ரானிக் மாட்டு என்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து ஆடினால் எந்தப் பாயிண்டும் நிலைக்காது, அது உண்மை. எலெக்ட்ரானிக் செட் அந்த ஆட்டத்தை ஓரளவு மறைத்துவிடும். ஆனால் உள்ளே சுழலும் எடைகளின் தொய்ந்துபோன ஸ்பிரிங்குகளை அது தொடுவதேயில்லை, ஆகவே வேகத்துக்கு ஏற்ப தீப்பொறி முந்தவேண்டிய கணக்கு தப்பாகவே இருக்கும். எஸ்.யூ. கார்புரேட்டர் சரிவராது, வெபர் போடு என்பதும் இதே கதை. எஸ்.யூ.வில் தேய்வது த்ராட்டில் தண்டும் அதன் துளையும். அங்கே காற்று திருட்டுத்தனமாகப் புகுந்தால் ஐட்லிங் நிற்காது. புதுத்தண்டு போட்டு, டாஷ்பாட்டில் எண்ணெய் ஊற்றினால் அதே கார்புரேட்டர் அடங்கி நடக்கும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு வெபர் தேவையில்லை என்பது என் தீர்ப்பு. சத்தத்துக்காக வேண்டுமென்றால் அது வேறு விஷயம்.

மின்சாதனங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தை ஆங்கிலேயர்கள் ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வார்கள். ஐம்பது வருடம் பச்சை பிடித்த இணைப்பு முனைகளையும் பெயிண்டுக்கு மேல் முடுக்கிய எர்த்தையும் வைத்துக்கொண்டு எந்த நிறுவனத்தின் விளக்கும் ஒழுங்காக எரியாது. உப்புத்தாள் கொண்டு எர்த் இடங்களைத் தேய்த்தாலே கேலியில் பாதி அடங்கிவிடும். ஷாக் அப்சார்பரும் அப்படியே. எம்ஜிபியில் நான்கும் ஆர்ம்ஸ்ட்ராங் நெம்புகோல் ரகம். எண்ணெய் கசிந்து காலியானதை ஓட்டிப் பார்த்துவிட்டு, குழாய் ரகத்துக்கு மாற்றத் துடிப்பார்கள். முன்பக்கத்தில் அந்த நெம்புகோலே சஸ்பென்ஷனின் மேல்கையும் என்பதால் மாற்றம் எளிதல்ல. பழையதை ஓவராயில் செய்து எண்ணெய் நிரப்பினால் செலவும் குறைவு, சவாரியும் மென்மை. கீழ்க்கைக்கு மட்டும் எம்ஜிபி ஜிடி வி8க்கு வந்த ரப்பர் புஷ்களைப் போடுவது நல்ல வழக்கம். சில்லறைக் காசில் ஸ்டியரிங் கூர்மையாகும்.

உண்மையான குறைகளும் இருக்கின்றன. வண்டி மாறாமல் உலகம் மாறியதால் வந்தவை சில. 2000 தொடக்கத்தில் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதுவரை வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். இன்ஜின் தலையை எப்படியும் இறக்கும்போது கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு போடுவது ஒருமுறை செய்தால் தீரும் வேலை. 2021 செப்டம்பரில் அங்கே பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவானது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரித்து வெடிக்கச் செய்யும். இருபது சதவீதம் கலக்கும் இந்தியாவில் பழைய வண்டி வைத்திருப்பவர் இன்னும் அவசரமாகக் கவனிக்க வேண்டியது இது. சூடான இன்ஜின்மேல் சொட்டும் பெட்ரோலுக்கு ஒரிஜினல் என்ற பெருமை கிடையாது. அமெரிக்கா போன எம்ஜிபிகளுக்கு 1968 முதலே இரட்டைச் சுற்று பிரேக் வந்தது. சொந்த நாட்டு வண்டிகள் அதன்பின்னும் பல வருடம் ஒற்றைச் சுற்றோடு ஓடின. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இதை மாற்றியவரை எந்த ஒரிஜினல்காரரும் குறைசொல்லக் கூடாது. 1967க்கு முந்தைய வண்டிகளின் டைனமோவும் பாசிட்டிவ் எர்த்தும் பகல் உல்லாசத்துக்குப் போதும். மழையிரவில் விளக்கு, வைப்பர், ஹீட்டர் மூன்றும் ஓட ஆல்டர்னேட்டர் வேண்டும். தொழிற்சாலையே 1967இல் அந்த முடிவுக்கு வந்துவிட்டது.

வடிவமைப்பிலேயே குறை என்பதற்கு எம்ஜிபியைவிட அதன் போட்டியாளரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் நல்ல சாட்சி. அதுவும் 1962இல் வந்து 1980இல் நின்றது. ஹெரால்டு காரின் சேஸியைச் சுருக்கி அதன்மேல் மிக்கெலொட்டி வரைந்த உடலை வைத்தார்கள். முன்மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுதும் முன்னால் சாயும்; டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். கியர் பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம். எம்ஜிபியிலோ கிளட்ச் தட்டு மாற்றவே இன்ஜினை இறக்க வேண்டும். ஆனால் ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் மேலெழும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி சுழலும். இது தேய்மானம் அல்ல, புது வண்டியிலும் இருந்தது. 1970இல் வந்த நான்காம் மாதிரியில், குறுக்கே போட்ட பட்டை ஸ்பிரிங் அடுக்கில் பெரும்பாலான பட்டைகளை நடுவில் இறுக்காமல் ஊசலாட விட்டு நோயைத் தணித்தார்கள். பழைய ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர் அந்தப் பிந்தைய ஸ்பிரிங்கைப் போடுவது முழு நியாயம்.

இதே ஆக்ஸில் சென்னையிலும் ஓடியது. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் இங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஸ்பிட்ஃபயரின் தாய் வண்டிதான். நம்மூர் உடைமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்தப் பின்பக்கம் பிடிக்கவில்லை. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசெலில் நிறுவனம் அதைத் தூக்கிவிட்டு நேரான ஒற்றை ஆக்ஸிலைப் போட்டது. ட்ரையம்ஃப் நுட்பமாகத் தணித்ததைச் சென்னை வெட்டி எறிந்தது.

வேகத்துக்கான மேம்பாடு தனிக் கதை. எம்ஜிபிக்கு முதலில் வி8 இன்ஜின் போட்டு விற்றவர் அதன் தயாரிப்பாளர் அல்ல. கென் கோஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர். ரோவரின் 3528 சி.சி. அலுமினிய வி8, எம்ஜிபியின் வார்ப்பிரும்பு நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஏறத்தாழச் சமமான எடைதான் என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய வண்டியை வாங்கிப் பார்த்த நிறுவனம் 1973இல் தானே ஜிடி வி8ஐக் கொண்டுவந்தது. அதற்கு முன் 1967இல் அதே மூக்கில் மூன்று லிட்டர் வார்ப்பிரும்பு ஆறு சிலிண்டர் இன்ஜினைத் திணித்து எம்ஜிசி என்று விற்றதில், முன்பாரம் கூடி, பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. வீட்டில் பெரிய இன்ஜின் போட நினைப்பவர் குதிரைத்திறனைப் பார்க்கும் முன் எடையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு வண்டிகளே போதும். பிறகு 1992இல் ரோவர் நிறுவனம் ஹெரிடேஜின் பாடியை அடிப்படையாக வைத்து 3.9 லிட்டர் வி8 போட்டு எம்ஜி ஆர்வி8 என்று இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தது. பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. அந்தக் கணக்கில் தயாரிப்பாளரே மேம்பாட்டுக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

கியரில் எனக்கு அவ்வளவு சஞ்சலமில்லை. நான்கு கியரோடு நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறும். லேகாக் ஓவர்டிரைவ் இருந்தால் அலறாது, அதுவும் அந்தக் காலத்துப் பொருளே. ஓவர்டிரைவ் இல்லாத வண்டிக்கு ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பாக்ஸைப் போட்டார்கள். இப்போது மஸ்டா எம்எக்ஸ்-5இன் பாக்ஸும் போகிறது. ஆங்கிலேய ரோட்ஸ்டர்களைப் பார்த்து 1989இல் பிறந்த ஜப்பானிய வண்டி, தன் குருவுக்கே கியர் பாக்ஸ் கொடுக்கிறது.

அடுத்து பம்பர். 1974 பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, வண்டியும் ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. வளைவில் சாய்வு கூடியது. உயரத்தைப் பழையபடி இறக்குவது ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் பலர் பம்பரையும் கழற்றி, குரோம் மாட்டி, 1960களின் வண்டிபோல் ஆக்கிவிட்டு அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் வைக்கிறார்கள். அந்த வண்டி ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. ரப்பர் பம்பர் அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது அதன் பிறப்புச் சான்றிதழ்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டுரின் சாசனம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. நினைவுச் சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. வண்டி கடந்துவந்த காலத்தின் தடங்களையும் மதிக்கவேண்டும், தலையீடு குறைவாக இருக்கவேண்டும், செய்ததைத் திரும்ப மாற்ற முடியவேண்டும் என்பது அதன் சாரம். திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிக் கல்வெட்டுகளைத் தேய்த்த கோயில்களைக் கண்ட நமக்கு இது புரியாததல்ல. (காரின் மெல்லிய தகட்டிலும் மணல் வீச்சு ஆபத்தே, பானெட் அப்பளமாக நெளிந்துவிடும்.)

மின்சார மாற்றமும் இந்த உரைகல்லில்தான் வருகிறது. 2017இல் ஜாகுவார் நிறுவனமே ஈ-டைப்பை மின்மோட்டாரோடு காட்டியபோது சர்ச்சை சூடானது. மின்சாரமாக்கிய வண்டியை வரலாற்று வண்டியாக ஏற்க ஃபிவா மறுத்தது. செய்தே தீரவேண்டுமென்றால் கழற்றியவற்றைக் குறித்து, பத்திரப்படுத்தி, திரும்ப மாட்டும்படி வைக்கச் சொன்னது. சட்டமும் அந்தப் பக்கம் சாய்கிறது. பிரிட்டனில் 2018 முதல் நாற்பது வயதைக் கடந்த வண்டிக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை தேவையில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் அடிப்படை மாற்றம் செய்திருந்தால் அந்தச் சலுகை இல்லை. இந்தியாவில் 2021இல் வந்த விதியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வண்டி வின்டேஜ் என்று பதிவாக, சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கவேண்டும். எம்ஜிபிக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷனும் ஆல்டர்னேட்டரும் ஐந்து கியரும் போட்டவருக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை, எல்லாவற்றையும் ஒரு வார இறுதியிலோ இரண்டிலோ கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். கியர் பாக்ஸ் மேல் ஓடும் சுரங்கத்தை அகலமாக வெட்டி, இன்ஜினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரைத் தட்டி நகர்த்தி வேறு இன்ஜின் நுழைத்தவர்தான் திரும்ப முடியாதவர். அவர் வைத்திருப்பது நல்ல வண்டியாக இருக்கலாம்; ஆனால் அதை எம்ஜிபி என்று விற்கும்போது, என்ன வெட்டினேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்கவேண்டும்.